மாவு ஆலைக் குடும்பத்தின் வரலாற்றைத் தேடுவது எப்படி: ஆலையில் தொடங்குங்கள்

மாவு ஆலை நடத்திய ஒரு குடும்பத்தின் கதையைத் தேடப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் வம்சாவளிப் படத்தைத்தான் வரைய உட்காருகிறார்கள். தாத்தா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று மேலே ஏறிக்கொண்டே போவார்கள், நாலாவது தலைமுறைக்கு வரும்போது கையில் வெறும் பெயரும் இரண்டு தேதியும்தான் இருக்கும், அதற்கு மேல் எங்கே போவது என்று தெரியாமல் நோட்டை மூடி வைத்துவிடுவார்கள். அந்த ஆலை யார் பணத்தில் வந்தது, ஏன் அண்ணனிடமிருந்து தம்பி கைக்கு மாறியது, ஏன் ஒருநாள் நின்றுபோனது, இதெல்லாம் அந்தப் படத்தில் ஏறவே ஏறாது.

நான் சொல்லும் வழி வேறு. ஆளைத் தேடாதீர்கள், முதலில் ஆலையைத் தேடுங்கள். சாதாரண மனிதர் ஒருவர் பிறப்பு, கல்யாணம், சாவு என்று இரண்டு மூன்று இடத்தில் பதிவாவார், அவ்வளவுதான். ஆலைக்கு நிலம் வேண்டும், ஆற்றுத் தண்ணீரோ இன்ஜினோ வேண்டும், கடன் வேண்டும், உரிமம் வேண்டும். எடைக்கல்லைச் சோதிக்க அதிகாரி வருவார், தண்ணீரை மறித்துவிட்டதாகப் பக்கத்து நிலத்துக்காரர் வழக்குப் போடுவார், காப்பீட்டுக்காரர் கட்டடத்தை அளந்து பார்ப்பார், பங்குதாரர்கள் சண்டை போட்டுப் பிரிவார்கள். இந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் உண்டு, ஒவ்வொரு காகிதத்திலும் குடும்பத்தில் யாரோ ஒருவரின் கையெழுத்து இருக்கும். அவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கினாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

முதலில் பேசுங்கள்

ஆவணக் காப்பகம் எங்கேயும் ஓடிவிடாது. வயதானவர்கள் அப்படியில்லை. அதனால் எந்தக் காகிதத்தைத் தொடுவதற்கும் முன்னால் பேசக்கூடியவர்களிடம் போய் உட்காருங்கள், அவர்கள் அனுமதியோடு போனிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். முதலாளி வீட்டாரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மெஷின் ஓட்டியவர், கணக்கு எழுதியவர், மூட்டை தூக்கியவர், வண்டி ஓட்டியவர் எல்லோரும் அந்த ஆலையின் வரலாற்றில் இருக்கிறவர்கள்தான். சொல்லப்போனால், குடும்பத்தார் பெருமைக்காகவோ சங்கடத்துக்காகவோ சொல்லாமல் விடுவதை இவர்கள்தான் நேராகச் சொல்வார்கள்.

கேட்கும் விதம் முக்கியம். "ஆலை எந்த வருஷம் ஆரம்பித்தது?" என்று கேட்டால், பெயர்ப்பலகையில் இருந்த வருஷத்தைத்தான் சொல்வார்கள். அந்த வருஷம் கட்டடம் கட்டிய வருஷமாக இருக்கலாம், வேறொருவரிடமிருந்து விலைக்கு வாங்கிய வருஷமாக இருக்கலாம், அல்லது தாத்தா வேறொரு இடத்தில் கூலிக்கு அரைக்கத் தொடங்கிய வருஷமாகக்கூட இருக்கலாம். அதைவிட, "நீங்கள் சின்ன வயதில் பார்க்கும்போது மெஷின் எதில் ஓடியது? நிலக்கரியா, டீசலா, கரண்டா?", "சாவி யாரிடம் இருக்கும்?", "கல்லாவில் யார் உட்காருவார்?", "அரவைக் கூலி பணமாக வாங்கினார்களா, தானியமாகவா?" என்று கேளுங்கள். சாவி யாரிடம் இருந்தது என்ற ஒரு கேள்விக்கு வரும் பதிலில், காகிதத்தில் யார் உரிமையாளர் என்பதையும் உண்மையில் யார் நடத்தினார் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளலாம்.

பழைய போட்டோ ஒன்றை நடுவில் வைத்துப் பேசினால் இன்னும் நல்லது. கட்டடம் இன்னும் நிற்கிறதா? அப்படியென்றால் நடக்க முடிந்தவரை அவரோடு உள்ளே போய், தானியம் எந்த வழியாக வந்து எங்கே ஏறி எங்கே இறங்கியது என்று காட்டச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்தில் நினைவுக்கு வராத பெயர்கள், பெல்ட் ஓடிய சுவரைப் பார்த்ததும் வந்துவிடும்.

வீட்டிலேயே இருக்கும் காகிதங்கள்

அடுத்தது பீரோ, பரண், பழைய டிரங்குப் பெட்டி. கிரயப் பத்திரம், குத்தகை ஒப்பந்தம், அடமானப் பத்திரம், பாகப்பிரிவினை, உயில் இவற்றை எல்லோரும் பத்திரமாக வைத்திருப்பார்கள், தேடினால் கிடைத்துவிடும். மின் இணைப்பு கேட்டு எழுதிய கடிதம், இன்ஜின் வாங்கிய ரசீது, மாவுச் சாக்கில் பெயர் அடிக்கும் அச்சுக்கட்டை, உரிமம் புதுப்பித்த சீட்டு போன்றவற்றைத்தான் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போடுவார்கள். தயவுசெய்து அதைத் தடுத்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது கணக்குப் புத்தகம்தான். ஒரு பக்கத்தை எடுத்துப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். இடது ஓரத்தில் தேதி, அப்புறம் ஆள் பெயர், கொண்டுவந்த தானியத்தின் எடை, கூலி, கடைசியில் பாக்கி. ஒரே பெயர் வாரம் தவறாமல் வந்துகொண்டிருக்கும், திடீரென்று ஒரு மாதம் காணாமல் போகும், பிறகு அதே பெயருக்கு நேராகப் பாக்கி தள்ளுபடி என்று குறித்திருக்கும். கையெழுத்து மாறும் இடத்தைக் கட்டாயம் கவனியுங்கள். நடுவில் ஒருநாள் கையெழுத்து மாறி, அடுத்த பத்து வருஷமும் அந்தப் புதுக் கையெழுத்தே தொடர்ந்தால், அந்தத் தேதிக்கு அக்கம்பக்கத்தில் குடும்பத்தில் ஏதோ நடந்திருக்கிறது: ஒரு சாவு, ஒரு பிரிவினை, அல்லது மகனோ மருமகளோ பொறுப்புக்கு வந்தது. அந்தத் தேதியை வைத்துக்கொண்டு இறப்புப் பதிவையும் பத்திரப் பதிவையும் தேடினால் பதில் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கணக்கு எழுதாத நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதம், தேய்ந்த அரவைக் கல்லைக் கொத்துவதற்காக நிறுத்திய நாள், இன்ஜின் பழுது, வீட்டு விசேஷம் எல்லாம் அந்த வெற்று வரிகளுக்குள்தான் இருக்கின்றன.

புத்தகத்தை ஸ்கேன் செய்யும்போது அட்டையையும், வெற்றுப் பக்கங்களையும், நடுவில் செருகியிருக்கும் துண்டுச் சீட்டுகளையும் விடாமல் எடுங்கள். சீட்டு எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு தகவல். அது இடம் மாறிவிட்டால் திரும்பக் கிடைக்காது.

மெஷினும் கட்டடமும்

காகிதமே இல்லாத ஆலைக்கும் வயது சொல்ல ஒரு வழி இருக்கிறது. மெஷின்களில் திருகி வைத்திருக்கும் இரும்புத் தகடுகளைத் துடைத்துப் படியுங்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயர், ஊர், வரிசை எண் மூன்றும் பெரும்பாலும் இருக்கும். நிறுவனங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெயரை மாற்றிக்கொண்டே வந்ததால், அந்தப் பெயரே ஒரு காலக் குறிப்பு. இன்ஜின் தகட்டில் "ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி, லிங்கன்" என்று இருந்தால் அது 1918க்கு முந்தியதாக இருக்க முடியாது, ஏனென்றால் ரஸ்டன் ப்ராக்டர், ஹார்ன்ஸ்பி என்ற இரண்டு நிறுவனங்களும் அந்த ஆண்டில்தான் ஒன்றாயின. அமெரிக்க மெஷினில் "எட்வர்ட் பி. ஆலிஸ்" என்று இருந்தால் 1901க்கு முந்தியது, "ஆலிஸ் சால்மர்ஸ்" என்று இருந்தால் அதற்குப் பிந்தியது. மாவு ஆலைகளில் அடிக்கடி கண்ணில் படும் இன்னொரு பெயர் ப்யூலர். சுவிட்சர்லாந்தின் உட்ஸ்வில்லில் 1860இல் தொடங்கிய நிறுவனம், இன்றும் ஆலை மெஷின் செய்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. ஆலை மெஷின்கள் கை மாறிக் கை மாறிப் போகும். ஒரு ஆலை மூடும்போது அதன் ரோலர்களை, அதாவது அரைக்கும் இரும்பு உருளைகளை, இன்னொருவர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு போவது எங்கும் நடந்ததுதான். ஆகவே தகடு சொல்வது மெஷினின் வயதை மட்டும்தான். அந்தக் கட்டடத்துக்கு அது எப்போது வந்தது என்பதற்கு ரசீதோ கணக்கோ தனியாக வேண்டும்.

கல் ஆலையாக இருந்தால் கற்களைப் பாருங்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உயர்ந்த ரகம் என்று பெயர் வாங்கியவை பிரான்ஸின் லா ஃபெர்த்தே சூ ஜுவார் பகுதியில் வெட்டிய கற்கள். ஒரே கல்லாக இல்லாமல், பல துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, சுற்றிலும் இரும்புப் பட்டை போட்டிருப்பார்கள். பார்த்த உடனேயே அடையாளம் தெரியும். அதை வரவழைக்கும் அளவுக்கு அந்தக் குடும்பத்திடம் பணமோ கடன் வாங்கும் தகுதியோ இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கல்லின் முகத்தில் வாய்க்கால் வாய்க்காலாக வெட்டியிருக்கும் வரிகள் தேயத் தேயத் திரும்பக் கொத்த வேண்டும். கொத்தும்போது உளியிலிருந்து தெறிக்கும் எஃகுத் துணுக்குகள் கொத்துபவரின் புறங்கையில் பாய்ந்து, தோலுக்கடியில் கறுப்புப் புள்ளிகளாக அப்படியே தங்கிவிடும். வேலை தேடி வரும் கல் கொத்துபவரின் கையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, அந்தப் புள்ளிகளைப் பார்த்து அனுபவத்தைக் கணிப்பார்களாம். உங்கள் குடும்பத்தின் பழைய போட்டோவில் யாருடைய கைகளாவது தெளிவாகத் தெரிந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். "முதலாளி" என்று சொல்லப்படுபவரும் உளி பிடித்தவர்தானா என்பது சில சமயம் அதிலேயே தெரிந்துவிடும்.

உரிமையாளர் ஒருவர், நடத்தியவர் ஒருவர், அரைத்தவர் ஒருவர்

இந்தத் தேடலில் ஆட்கள் அதிகமாகக் குழம்புவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கட்டடத்துக்குச் சொந்தக்காரர், அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர், உள்ளே நின்று அரைத்தவர் மூவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. பழைய காலத்தில் இருந்ததே குறைவு. இங்கிலாந்தில் 1086இல் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலச் சொத்துக் கணக்கில் ஏறத்தாழ 6,000 ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. அவை நிலப்பிரபுக்களின், மடங்களின் சொத்துகள். அரைத்தவர்களின் பெயர் அங்கே அநேகமாக இருக்காது. பிரான்ஸிலும், பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய கனடாவின் கியூபெக்கிலும் பிரபுவின் ஆலையில்தான் அரைத்தாக வேண்டும் என்று குடியானவர்களைக் கட்டிப்போட்டிருந்தார்கள். கியூபெக்கில் அந்த நிலமுறை 1854இல்தான் ஒழிந்தது. அதற்கு முந்தைய ஆலைக்காரரைத் தேடினால் நிலப் பதிவில் கிடைக்க மாட்டார், நோட்டரிகள் எழுதி வைத்த குத்தகை ஒப்பந்தங்களில்தான் கிடைப்பார்.

ஆக, "எங்கள் முப்பாட்டன் ஆலை வைத்திருந்தார்" என்ற வீட்டுப் பேச்சைக் கேட்டதும் சந்தோஷப்பட்டுவிட்டு, அப்புறம் மூன்று கேள்வி கேளுங்கள்: நிலம் யார் பெயரில்? வரி கட்டியது யார்? உரிமம் யார் பெயரில்? மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால்தான் அவர் உரிமையாளர். குத்தகைக்காரராகவோ கூலிக்காரராகவோ இருந்தார் என்று தெரிய வந்தால் அதில் குறைவொன்றும் இல்லை, குடும்பம் எப்படி மேலே வந்தது என்ற கதை அங்கேதான் தொடங்குகிறது. பிரிட்டனில் 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொழில் நடத்துபவர்களிடம் எத்தனை பேரை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். 1891இலிருந்து வேலை தருபவரா, வேலை செய்பவரா என்று குறிக்கத் தனி இடமே விட்டார்கள். ஒரே மனிதரை அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் பின்தொடர்ந்தால் கூலிக்காரர் முதலாளியாக மாறிய பத்தாண்டைப் பிடித்துவிடலாம். இறங்கிப்போன கதைகளும் அதே மாதிரி கிடைக்கும்.

வெளியே இருக்கும் பதிவுகள்

இங்கே நாட்டுக்கு நாடு வழி மாறும், ஆனால் எதைத் தேட வேண்டும் என்பது மாறாது: நிலம், பங்குக் கூட்டு, கடன், தீ, வழக்கு.

அமெரிக்காவில் தேடுகிறவர்களுக்கு அதிர்ஷ்டம் அதிகம். 1850 முதல் 1880 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த கணக்கெடுப்போடு தொழில் கணக்கெடுப்பும் நடந்தது, ஆண்டுக்கு 500 டாலருக்குக் குறையாமல் பொருள் உற்பத்தி செய்த பட்டறைகள், ஆலைகள் எல்லாம் அதில் வரும். முதலீடு, ஆட்கள், வாங்கிய தானியம், விற்ற மாவு எல்லாம் இருக்கும். 1880இல் மாவு ஆலைகளுக்கென்றே தனிப் படிவம் வைத்து, எத்தனை ஜோடிக் கல், எந்த ஆற்றுத் தண்ணீர், தண்ணீர் எத்தனை அடி உயரத்திலிருந்து விழுகிறது, கூலிக்கு அரைப்பது எவ்வளவு, சந்தைக்கு அரைப்பது எவ்வளவு என்றுகூடக் கேட்டார்கள். ஒரு சின்ன ஆலையின் பொருளாதாரத்தையே ஒரு வரியில் படித்துவிடலாம். அதோடு சான்போர்ன் நிறுவனம் 1867இலிருந்து தீ காப்பீட்டுக்காக வரைந்த ஊர் வரைபடங்களையும் பாருங்கள். ஆலை எத்தனை மாடி, மரமா செங்கல்லா, நீராவியா தண்ணீரா, விளக்கு எது, இரவுக் காவலாள் உண்டா என்றெல்லாம் அதில் குறித்திருக்கும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இவற்றில் பெரும் பகுதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரே ஊருக்கு வெவ்வேறு ஆண்டுகளில் வரைந்த தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆலை வளர்ந்ததும் சுருங்கியதும் கண்ணுக்கு முன் தெரியும்.

பிரிட்டன் என்றால் முதலில் லண்டன் கெஜட் என்ற அரசிதழ். 1665இலிருந்து வருகிறது, இணையத்தில் தேடலாம். திவால் அறிவிப்புகளும், பங்குதாரர்கள் பிரிந்த அறிவிப்புகளும் அதில் ஏராளம். கீழே கையெழுத்திட்டவர்களாகிய நாங்கள் இன்ன ஊரில் ஆலைக்காரர்களாகச் சேர்ந்து நடத்திவந்த கூட்டு, இன்ன தேதியில் இருதரப்புச் சம்மதத்தோடு கலைக்கப்பட்டது, வரவேண்டிய பாக்கியை இனி இன்னார் வாங்குவார், கொடுக்கவேண்டிய கடனை இன்னார் கொடுப்பார் என்று நாலு வரி இருக்கும். அந்தக் கடைசி வாக்கியத்தில் பெயர் வருகிறவர்தான் பெரும்பாலும் தொழிலைத் தொடர்ந்தவர், மற்றவர் விலகியவர். அண்ணன் தம்பி பிரிந்த கதை வீட்டில் எத்தனை விதமாகச் சொல்லப்பட்டாலும் இந்த நாலு வரியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 1710இல் தொடங்கிய சன் தீ காப்பீட்டு நிறுவனத்தின் பழைய பாலிசிப் பதிவேடுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ரெடிங் நகரில் ஆலைகளுக்கென்றே 2002இல் அமைத்த மில்ஸ் ஆர்க்கைவ் காப்பகம் போட்டோ, வரைபடம், தனிநபர்கள் சேர்த்த குறிப்புகள் எல்லாவற்றையும் காத்துவருகிறது.

இந்தியாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டு வாரியான விவரங்களைப் பார்க்க முடியாது, 1948ஆம் ஆண்டுச் சட்டமே அதைத் தடுக்கிறது. ஆனால் நிலப் பத்திரங்களின் பதிவு அட்டவணையைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் அந்த உரிமை இருக்கிறது. வில்லங்கச் சான்று வாங்கினால் அந்த இடம் யார் யார் கையில் போய் வந்தது, எப்போது அடமானத்தில் இருந்தது என்று வரிசையாக வந்துவிடும். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவான கூட்டு நிறுவனமாக இருந்தால் கூட்டு நிறுவனங்களின் பதிவாளரிடம் பங்குதாரர் சேர்ந்த, விலகிய தேதிகள் இருக்கும். இலங்கையில் 1802இலிருந்து வரும் அரச வர்த்தமானியை, அதாவது அந்நாட்டு அரசிதழை, பாருங்கள்.

செய்தித்தாள்களை விட்டுவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், அமெரிக்காவின் க்ரோனிக்ளிங் அமெரிக்கா, சிங்கப்பூரின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற இணையச் செய்தித்தாள் தொகுப்புகள் நான்குமே இலவசம். குடும்பப் பெயரை மட்டும் போட்டுத் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுந்துவிடாதீர்கள், பழைய அச்சைக் கணினி தப்பும் தவறுமாகப் படித்திருக்கும். ஆலையின் பெயர், தெருவின் பெயர், ஆற்றின் பெயர், பங்குதாரரின் பெயர், அதோடு தீ, ஏலம், விபத்து, வெள்ளம், வழக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடுங்கள். எனக்குப் பிடித்தது ஏல விளம்பரம். விற்க வருகிறவர் ஆலையில் உள்ளதையெல்லாம் வரிசையாக எழுதியிருப்பார், அதைவிட நல்ல சொத்துப் பட்டியல் கிடைக்காது.

தீ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாவுத் தூள் காற்றில் பறந்து நிறைந்திருக்கும்போது ஒரு பொறி போதும். தானியம் தீர்ந்து கல்லோடு கல் உரசினாலே பொறி வரும். 1878 மே 2ஆம் தேதி மினியாபொலிஸ் நகரின் வாஷ்பர்ன் ஏ ஆலை வெடித்ததில் 18 பேர் செத்தார்கள், பக்கத்து ஆலைகளும் சேர்ந்து எரிந்தன. லண்டனில் நீராவியில் ஓடிய ஆல்பியன் ஆலை 1786இல் கட்டி 1791இல் எரிந்துபோனது. சிறிய ஆலைகளிலும் இது நடந்துகொண்டேயிருந்தது. "பழைய கணக்கெல்லாம் தீயில் போய்விட்டது" என்று வீட்டில் சொன்னால் அதோடு தேடலை முடித்துக்கொள்ள வேண்டாம், தீ நடந்த தேதியைக் கண்டுபிடியுங்கள். செய்தி, காப்பீட்டுக் கோரிக்கை, விசாரணை, திரும்பக் கட்ட வாங்கிய கடன் என்று அந்தத் தேதியைச் சுற்றிக் குறைந்தது ஒரு ஆவணமாவது பிறந்திருக்கும்.

ரோலர் வந்த காலம்

எந்த ஆலைக் குடும்பத்தின் வரலாற்றிலும் ஒரு இடத்தில் திடீர்த் திருப்பம் தெரியும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது பெரும்பாலும் 1870களுக்கும் 1900க்கும் நடுவில் வரும். புடாபெஸ்டில் கான்ஸ் தொழிற்சாலையின் மெக்வார்ட் 1874இல் கெட்டிப்படுத்திய வார்ப்பிரும்பு ரோலர்களுக்குக் காப்புரிமை வாங்கினார். 1878இல் ஹென்றி சைமன் மான்செஸ்டரில் ஒரு ஆலைக்கு முழு ரோலர் அமைப்பை வைத்துக்கொடுத்தார். கல் ஒரே அழுத்தில் அரைத்துவிடும். ரோலர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்து, சலித்து, திரும்பப் பிளக்கும், அதனால் தவிடு பொடியாகாமல் தனியே பிரிந்து மாவு வெள்ளையாக வந்தது. வாங்குகிறவர்கள் வெள்ளை மாவைக் கேட்டார்கள். ரோலர் வாங்கப் பெரும் பணம் வேண்டும், அது ஓட நிறைய தானியம் வேண்டும், துறைமுகத்துக்கோ ரயிலுக்கோ பக்கத்தில் இருந்தால்தான் கட்டும். ஆற்றோரத்தில் இரண்டு ஜோடிக் கல்லோடு இருந்த குடும்பம் கடன் வாங்கி மாற வேண்டும், அல்லது கால்நடைத் தீவனம் அரைக்கப் போக வேண்டும், அல்லது மூட வேண்டும்.

இது தெரியாமல் குடும்பக் கதையைப் படித்தால், ஆலையை விற்ற தாத்தா சோம்பேறி என்றோ, ஊதாரி என்றோ யாரோ சொன்னதை நாமும் நம்பிவிடுவோம். அவர் விற்ற வருஷத்தை, சுற்றுவட்டாரத்தில் இருந்த மற்ற ஆலைகள் மூடிய வருஷங்களோடு வைத்துப் பாருங்கள். எல்லாம் ஐந்தாறு வருஷத்துக்குள் வந்தால் குற்றம் அவருடையதாக இருக்க வாய்ப்பில்லை. மற்ற நாடுகளில் இதே திருப்பம் பின்னால் வந்திருக்கும், ஆனால் காரணங்கள் இதே மாதிரிதான் இருக்கும். இதற்கு மெஷின் ரசீதும் அடமானப் பத்திரமும் ஒரே ஆண்டில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

சாக்கும் சின்னமும்

மாவுச் சாக்கில் அச்சடித்த பெயரும் படமும் பதிவு செய்த வணிகச் சின்னமாக இருக்கலாம். பிரிட்டனில் 1876 முதல் சின்னங்களைப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவில் முகவரியும் உரிமையாளர் பெயரும் இருக்கும். முதல் உலகப் போரின்போது ஜெர்மனியின் பிடியில் இருந்த பெல்ஜியத்துக்கு அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் நிவாரணமாக மாவு மூட்டைகள் போயின. காலியான பருத்திச் சாக்குகளில், அச்சடித்திருந்த ஆலைப் பெயரை அழிக்காமல் அதன்மேலேயே பெல்ஜியப் பெண்கள் பூத்தையல் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவற்றில் பெரிய தொகுப்பு அமெரிக்காவின் அயோவாவில் முன்னாள் அதிபர் ஹூவரின் நினைவு நூலகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேறெங்கும் தடம் இல்லாத சிறிய ஆலைகளின் பெயர்கூட அந்தத் துணியில் தைத்த நூலுக்கடியில் நிற்கிறது. வட அமெரிக்க ஆலைக் குடும்பத்தைத் தேடுகிறீர்கள் என்றால் அங்கே கேட்டுப் பார்க்காமல் விடாதீர்கள்.

பெண்கள்

ஆலை வரலாறுகளில் அநியாயமாக விடுபட்டுப்போவது இவர்கள்தான். கணவர் இறந்தபின் மகன் தலையெடுக்கும்வரை ஆலையை நடத்திய பெண், வரதட்சணையாகவோ சீதனமாகவோ கொண்டுவந்த பணத்தை மெஷினுக்குக் கொடுத்த பெண், இரவில் கணக்கு எழுதிய பெண், இவர்கள் பெயர் பலகையில் இருக்காது. ஆனால் உயிலில் இருக்கும், இறந்தவரின் சொத்துப் பட்டியலில் இருக்கும், கடன் பத்திரத்தில் சாட்சியாக இருக்கும், "வாடிக்கையாளர்கள் ஆதரவு தொடர வேண்டும்" என்று கணவர் இறந்த வாரத்தில் வந்த சின்ன விளம்பரத்தில் இருக்கும். இன்னொன்று, பெயர் மாறியதால் ஆலை வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புது உரிமையாளர் மருமகனாக இருக்கலாம், கல்யாணப் பதிவைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எழுதும்போது

ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் ஆலைக்கு நடந்தவை, வலப்பக்கம் குடும்பத்தில் நடந்தவை என்று ஆண்டு வாரியாக எழுதி வாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஆண்டில் அசைகிற இடங்கள்தான் நீங்கள் விரிவாக எழுத வேண்டிய இடங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் நேராக எங்கே கிடைத்தது என்று குறியுங்கள்: பத்திரமா, பேட்டியா, செய்தியா. பேட்டியில் மட்டும் கிடைத்ததை "சொல்கிறார்கள்" என்றே எழுதுங்கள், சரிபார்த்ததுபோல எழுதாதீர்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடலாம், யார் சொன்னது என்பதோடு.

தேடத் தேடக் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகத் திவால், வழக்கு, இன்னொரு குடும்பம் என்று ஏதாவது வரும். நூறு வருஷத்துக்கு முந்தியதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உயிரோடு இருப்பவர்களைத் தொடுகிற விஷயம் என்றால் அச்சுக்கோ இணையத்துக்கோ கொடுப்பதற்கு முன் அவர்களிடம் படித்துக் காட்டிக் கேளுங்கள். வேலை பார்த்தவர்களின் கணக்கில் இருக்கும் கடன், அபராதம், சம்பள முன்பணம் எல்லாமும் அவர்கள் பிள்ளைகளின் விஷயம்தான், முதலாளி வீட்டின் சம்மதம் மட்டும் போதாது.

மூலப் புத்தகங்களை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். ஸ்கேன் பிரதிகளைக் குறைந்தது இரண்டு இடத்தில் வையுங்கள், வட்டார நூலகமோ ஆவணக் காப்பகமோ ஏற்றுக்கொண்டால் மூலத்தையே கொடுத்துவிடலாம், கொடுக்கும்போது யார் பார்க்கலாம், எதை எத்தனை வருஷம் மூடி வைக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டோக்களின் பின்பக்கத்தில் பேனா வேண்டாம், மென்மையான பென்சிலால் ஓரமாக, யார், எங்கே, ஏறத்தாழ எப்போது, யார் அடையாளம் சொன்னார்கள் என்ற நாலையும் எழுதுங்கள். அடையாளம் தெரியாத முகங்களுக்கு எண் போட்டு வையுங்கள், அடுத்த பேட்டிக்குப் போகும்போது அந்த எண்களோடு எடுத்துப் போகலாம்.